கிடாரைத் தவிர மற்றதெல்லாம்

இல்லை சார், மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். விக்கிரவாண்டியில் டீ குடிக்க இறங்கினபோதும் இந்தப் பையைக் கட்டிக்கொண்டே நின்றேன், நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். கண்டக்டர்கூடக் கேட்டுவிட்டார், "என்ன சார், நகையா?" என்று. நகையெல்லாம் இல்லை. ஒரு ஹார்ட் டிஸ்க், லேப்டாப், ஒரு ஹெட்போன், மாற்றுச் சட்டை ஒன்று. ஆனால் அந்த டிஸ்கில் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க வாசித்தது இருக்கிறது. முழுக்க என்றால், கிடார் முழுக்க.

நீங்கள் எதுவரைக்கும்? கிளாம்பாக்கமா? நல்லதாகப் போயிற்று. நான் மறைமலை நகர். அது வந்தால் கொஞ்சம் சொல்லுங்கள் சார். ஹெட்போன் காதில் ஏறிவிட்டால் எனக்கு உலகம் தெரியாது. என் மனைவி மாலினி அதைத்தான் எப்போதும் சொல்வாள். முன்னாள் மனைவி. அவள் பேச்சு இப்போது எதற்கு.

டெரன்ஸ் சவரிமுத்து. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லை அல்லவா? வெட்கப்பட வேண்டாம், திருச்சியிலேயே யாருக்கும் தெரியாது. பொன்மலை ரயில்வே காலனியில், அவர் குடியிருந்த அதே லைனில் போய் விசாரித்தேன். ஒருத்தர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "யாரு, நம்ம டெரியா? கோல்கீப்பரா நிப்பான், பிரமாதமா நிப்பான்" என்றார். ஜப்பானில், ஒசாகாவில், ஒருவர் இவருடைய ஒரே இசைத்தட்டைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். இங்கே கோல்கீப்பர்.

ஜாஸ் ஃப்யூஷன் என்பார்கள். உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஜாஸ், அதில் ராக்கின் மின்சாரம், அதற்கு மேல் அவரவர் ஊர்த் தாளம், எல்லாம் ஒன்றாகக் கலந்தது. எல்லாரும் கலக்கலாம். கலந்த பிறகு நிற்க வேண்டுமே. ஓடுகிற ரயிலில், கதவோரம் நின்றுகொண்டு, ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குச் சொட்டு சிந்தாமல் காபி ஆற்றுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி வாசிப்பு. விரல் அந்த வேகத்தில் ஓடும், ஆனால் அவசரம் இருக்காது.

நான் முதலில் கேட்டது கல்லூரி ஹாஸ்டலில். எவனோ எங்கிருந்தோ கொண்டுவந்த கேசட். மேலே பேனாவால் 'பிளாட்பாரம் நாலு' என்று எழுதியிருந்தது. அதுதான் அவருடைய குழுவின் பெயர், அந்த இசைத்தட்டின் பெயரும் அதுதான். பம்பாய்க்குப் போய் ஒரே ஒரு தடவை பதிவு செய்தது. அந்தக் கேசட்டை நாடா சுருண்டுகொள்ளும்வரை கேட்டேன். பிறகு அமெரிக்கா போனேன், கல்யாணம், பெண், வீடு, எல்லாம். ஒவ்வொரு வீடு மாறும்போதும் அந்தச் சுருண்ட கேசட்டும் கூடவே வந்தது.

அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சொன்னால் சிரிப்பீர்கள். இரைச்சல் எடுக்கிற வேலை. நீங்கள் போனில் பேசும்போது பின்னால் நாய் குரைக்கும், மிக்ஸி ஓடும், பக்கத்து வீட்டில் துணி துவைப்பார்கள். அதெல்லாம் அந்தப் பக்கம் போகாமல், உங்கள் குரல் மட்டும் போக வேண்டும். அதற்கான மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல். மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுவோம். நான் நல்ல வேலைக்காரன் சார். என் கையெழுத்து இந்த ஊர் போன்களிலும் இருக்கிறது, யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண் என் மேல் கோபமாக இருக்கிறாள் என்பதற்காக நான் வேலை தெரியாதவன் ஆகிவிட மாட்டேன், அதைச் சொல்ல வந்தேன்.

எந்தப் பெண்ணா? அவருடைய மகள். ஜெசிந்தா. வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்து, அதாவது அங்கே என் குடும்பம் முடிந்து, நான் திருச்சிக்கே திரும்பி வந்தேன். உறையூரில் அப்பா கட்டின வீடு சும்மா கிடந்தது. கையில் நேரம் இருந்தது. டெரன்ஸின் மற்றப் பதிவுகளைத் தேடலாம் என்று இறங்கினேன். வீட்டிலேயே நிறையப் பதிவு செய்தார் என்று ஒரு வதந்தி உண்டு, ஒசாகாக்காரர் அதை நம்பவில்லை. நான் நம்பினேன். தேடி, அலைந்து, கடைசியில் ஜங்ஷன் முன்பதிவு கவுன்ட்டரில் வந்து நின்றது. உள்ளே உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தது அவர் மகள்.

"எங்கப்பா பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்துகிறார்கள், அவளுக்குக் கேட்கவே இல்லை. "எங்கப்பா வாசிச்சதைக் கேட்டிருக்கீங்களா? நெசமாவா?"

அவள் கேட்டதில்லை. அதுதான் விஷயம். இசைத்தட்டு அவர்களிடம் இல்லை, யாருக்கோ இரவல் கொடுத்துப் போய்விட்டது. அவள் இரண்டு வயது நிரம்பாத குழந்தையாக இருக்கும்போது அவர் துவாக்குடி பக்கம் ஸ்கூட்டரில் லாரி மோதிப் போய்விட்டார். வீட்டில் ஸ்பூல் டேப்புகள் இருந்தன. பெரிய பெரிய வட்டங்கள், பிரெட் பெட்டி மாதிரி அட்டைப் பெட்டிகளில். போட்டுக் கேட்கிற மெஷின் அவர் போன கையோடு கைமாறிவிட்டது. தாயார் ஃபிலோமினா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த அம்மாள் சாகும்வரை டேப்புகளை பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தார். மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம், "உங்கப்பா அதுக்குள்ளதான் இருக்காரு, பத்திரமா வச்சுக்க" என்று.

ஜெசிந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை: "சார், எங்கப்பா குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. எங்கயாச்சும் நடுவுல, ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை, பேசறது இருந்தா எனக்குச் சொல்லுங்க."

கவனியுங்கள் சார். பேசுவது.

டேப்புகள் மோசமான நிலையில் இருந்தன. பீரோ ஈரம், பூஞ்சை. அந்த மாதிரி டேப்பை நேராக மெஷினில் போட்டால் ஒட்டிக்கொண்டு கிழியும். இளம் சூட்டில் வைத்து வாட்ட வேண்டும், வடகம் காய வைக்கிற மாதிரிப் பொறுமையாக. வாட்டின பிறகு ஒரு தடவை ஓடும். ஓடும்போதே மேலே பூசியிருக்கிற பூச்சு உதிரும். துரு நிறத்தில் தூள், மெஷின் வாயெல்லாம் படியும். டேப் மறுபக்கம் கண்ணாடி மாதிரி வெறும் நாடாவாக வெளியே வரும். ஒரே தடவைதான் பேசும், பேசிவிட்டுச் செத்துப்போகும். அந்த ஒரு தடவையில் நான் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றினேன். ஒரு டேப்கூடத் தவறவிடவில்லை. ஒசாகாவில் அந்த மனிதர் கணினித் திரையில் என்னைக் கும்பிட்டார்.

வாசிப்பு இருக்கிறதே! இசைத்தட்டில் கேட்டது கடலில் ஒரு கை. வீட்டுப் பதிவுகளில் அவர் வேறு ஆள். தனியாக வாசிக்கிறார், டிரம்ஸ் இல்லை, யாரும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு தாளம் ஓடுகிறது, நம் காதுக்கு அகப்படாத தாளம். முன்னும் பின்னும் சாய்கிறது. ஒவ்வொரு உருப்படியும் போகப்போக மெல்லத் தளர்ந்துகொண்டே வரும். மூப்பு வருகிற மாதிரி. சில டேப்புகளில் தளர்ந்து தளர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். மற்றதிலெல்லாம் பாதியிலேயே, பட்டென்று நின்றுவிடும், கையைப் பிடித்து இழுத்த மாதிரி. இதைப் பற்றி நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒசாகாக்காரர் இந்தப் பதிவுகளைப் புது இசைத்தட்டாக வெளியிடுகிறார், அதோடு வருகிற புத்தகத்தில் போடுகிறார்கள். 'முடிக்க மறுத்த கலைஞன்' என்று தலைப்பு. தன் மரணத்தை முன்பே உணர்ந்திருந்தார் என்று ஒசாகாக்காரர் நினைக்கிறார். எல்லாமே பகலில் பதிவு செய்தவை, வெளியே ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் மத்தியானச் சங்கு கேட்கும், அதை வைத்துச் சொல்கிறேன். ஏன் பகல்? பகலில் மின்சாரம் சீராக இருந்திருக்கும் என்று எழுதினேன். நியாயம்தானே?

ஒரே குறை, இரைச்சல். பூஞ்சை இரைச்சல் போனால் போகட்டும், அது எந்தப் பழைய டேப்பிலும் உண்டு. இவரிடம் இரண்டு வியாதி. ஒன்று, முனகுவார். வாசிக்கும்போது கூடவே, மூக்கால், பல்வலிக்காரன் மாதிரி, ம்ம்... ம்ம்ம்... என்று. இந்தத் துறையில் நிறையப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு, விரல் போவதைத் தொண்டை தானாகத் தொடரும், மைக் ஒன்றையும் விடாது. இன்னொன்று ஒரு கிறீச். விடாமல், கிறீச்... கிறீச்... எண்ணெய் காணாத நாற்காலியோ, மின்விசிறியோ. அவ்வளவு பெரிய வித்வானுக்கு ஒரு நல்ல நாற்காலி இல்லை பாருங்கள் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சரி, அவருக்கு அன்றைக்கு யாரும் செய்யாததை நாம் செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

இருபது வருஷம் குரலை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தவன். இங்கே தலைகீழ். கிடாரை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம். சாப்பாடு, தூக்கம் கிடையாது. ஒவ்வொரு முனகலாகப் பிடுங்கினேன், நெல்லில் கல் பொறுக்குகிற மாதிரி. மூன்று மழைக்காலம் போயிற்று. அப்படியே உள்ளே பேச்சு எங்கேயாவது இருக்கிறதா என்றும் தேடினேன், அந்தப் பெண் கேட்டாளே. ஒரு வார்த்தை இல்லை சார். மனிதர் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதையும் போன் செய்து நேர்மையாகச் சொன்னேன். "பேச்சு எங்கேயும் இல்லம்மா, வெறும் இரைச்சல்தான். அதையும் எடுத்துட்டு சுத்தமாத் தர்றேன்." அதற்கு அவள், "சரி சார். அம்மா ஏதோ ஆறுதலுக்குச் சொல்லியிருக்கும்" என்றாள்.

அன்றன்று சுத்தம் செய்து முடித்ததும் மூலப் பதிவை அழித்துவிடுவேன். ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? கம்பெனியில் அதுதான் சட்டம். வாடிக்கையாளர் பேசினதின் மூலத்தை ஒரு நாளைக்கு மேல் வைத்திருந்தால் வேலை போய்விடும். சுத்தம் செய், சரிபார், மூலத்தை அழி, எழுந்து வீட்டுக்குப் போ. அத்தனை வருஷம் செய்தது கையில் ஊறிவிட்டது. குப்பையை வீட்டில் சேர்க்காதவன் நான். என் மேஜையை நீங்கள் பார்க்க வேண்டும்.

என் பெண் தாரிணி அங்கேயிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். முன்பெல்லாம் பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும், குக்கர் விசில், அவள் அம்மா யாரிடமோ சிரிப்பது. "கதவைச் சாத்திட்டுப் பேசும்மா, ஒண்ணும் விளங்கலை" என்பேன். இப்போது அந்த வேலையே இல்லை, போனே எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது. எங்கள் மென்பொருள்தான். குரல் அவ்வளவு சுத்தமாக வருகிறது. சில வாரம் யாருமே குடியில்லாத வீட்டிலிருந்து அவள் பேசுகிற மாதிரி இருக்கும். அது வேறு விஷயம்.

எங்கே விட்டேன்? ஆமாம், போன வாரம். வேலையை முடித்துக்கொண்டு பொன்மலைக்குப் போனேன். நல்ல ஸ்பீக்கர், நல்ல ஹெட்போன், எல்லாம் தூக்கிக்கொண்டு. ஜெசிந்தா பட்டுப்புடவை கட்டியிருந்தாள் சார். கணவர் லூர்து, ரயில் டிரைவர், லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் டெரன்ஸ் போட்டோ, புது மாலை. கேக் வாங்கி வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த மனிதருக்கு இன்றைக்குத்தான் உண்மையான மரியாதை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள், சர்ச்சில் உட்காருகிற மாதிரி. முகத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு உருப்படி, மூன்று உருப்படி. லூர்து "ஸ்பீடு, ஸ்பீடு" என்று தலையாட்டினார். அவள் அப்படியே இருந்தாள். பழக்கமில்லாத காது, போகப்போகப் பிடிபடும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த இடம் வந்தது. எனக்கே தலைகுனிவான இடம். ஒரே ஒரு இடத்தில் என்னால் எடுக்க முடியவில்லை சார். அவர் முனகலும் கிடாரும் ஒரே சுருதியில், ஒரே கோட்டில், நூலும் ஊசியும் மாதிரிப் போய்விட்டன. அதைப் பிடுங்கினால் கிடாரும் கூடவே கிழிந்து வருகிறது. ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான், ஆனால் குறை குறைதானே. அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"இது யாரு?"

"மன்னிச்சுக்கம்மா, அது ஒரு சின்னப் பிசிறு..."

"சார், இது யாரு பாடறது?"

"பாடலைம்மா. அப்பாவோட முனகல்."

"திரும்பப் போடுங்க."

போட்டேன். திரும்ப. திரும்ப. அவள் ஹெட்போனை வாங்கி மாட்டி, இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது. அப்புறம் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: "இது மாதிரி வேற எங்கயாச்சும் இருந்துச்சா?"

நான் என்ன சொல்வேன்? உழைத்தவன் உழைப்பைச் சொன்னேன். "எல்லா டேப்லயும் இருந்துச்சும்மா. ஒண்ணு விடாம. அத்தனையும் எடுத்துட்டேன்."

"கிறீச் கிறீச்னு ஒரு சத்தம்?"

எனக்கு ஆச்சரியம். "உனக்கு எப்படித் தெரியும்? அதையும் எடுத்துட்டேன். அது ஏதோ ஒரு நாற்காலி."

"தூளி சார்," என்றாள். "என் தூளி. அம்மாவுக்குப் பகல்ல டூட்டி. அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்ல நைட் ஷிஃப்ட். பகல் பூரா என்னைப் பாத்துக்கிட்டது அப்பாதான். தூளியில கயித்தக் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டு ஆட்டுவாராம். கை ரெண்டும் சும்மா இருக்குமில்ல, அதுல வாசிப்பாராம். ராராரோன்னு பாட வராது அவருக்கு, வெட்கம். ம்ம்னு மட்டும் சொல்லுவாராம். நான் தூங்கற வரைக்கும்."

உத்தரத்துக் கொக்கியில் கயிறு உரசுகிற சத்தமாம் அது.

நான் விடவில்லை. "அப்ப பாதியிலேயே பட்டுன்னு நிக்குதே, அது?" என்றேன், என் கட்டுரையை மனதில் வைத்துக்கொண்டு.

சிரித்தாள் சார். அந்த வீட்டில் அன்றைக்கு அது ஒன்றுதான் சிரிப்பு. "நான் முழிச்சிருப்பேன் சார்."

நீங்களே சொல்லுங்கள். உலகத்தில் ஒரு ஆள் வாசிக்காத மாதிரி வாசித்தவர். தாளத்தை அப்படி வளைத்தவர். ஒசாகாவில் கண்ணாடிப் பெட்டி. அதையெல்லாம் கொண்டுபோய் ஒரு தூளியில் கட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? ஒரு கைக்குழந்தையைத் தூங்கவைக்க வாசித்தாராம்! கட்டுரையை நான் மாற்றவில்லை. அதற்கு ஆதாரம் என்ன இருக்கிறது? கிறீச்சும் இல்லை, முனகலும் இல்லை.

அதைத்தான் அடுத்துக் கேட்டாள். "முதல்ல எடுத்தது இருக்குமா சார்? சுத்தம் பண்ணாதது?" அழித்ததைச் சொன்னேன். டேப் திரும்ப ஓடாது என்பதையும் சொன்னேன். அவள் எழுந்து போய், "டீ போடட்டுமா சார்?" என்றாள். கத்தவில்லை. அழவில்லை. உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. டீயும் வரவில்லை. கேக் அப்படியே இருந்தது, வெட்டவில்லை.

லூர்துதான் பேசினார். குரலை உயர்த்தாமல், டீஸல் இன்ஜின் உறுமுகிற மாதிரி: "ஏன் சார், போட்டோவைக் கழுவித் தாங்கன்னு குடுத்தா, ஆளை வெட்டி எடுத்துட்டு சட்டையை ஃபிரேம் போட்டுக் கொண்டாந்திருக்கீங்களே. நாப்பது வருசமா அவ காத்திருந்தது உங்களுக்காகவா?"

எப்படிப்பட்ட பேச்சு! நான் ஒரு காசு வாங்கவில்லை. மூன்று வருஷம். ஒரு நன்றி, ஒரு கை கூப்பல்? ஒன்றும் கிடையாது. டேப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தேன், வெறும் கண்ணாடி நாடா. அதைத் தூக்கிப் போடுவார்கள் என்று பார்த்தால், அவள் வந்து ஒவ்வொன்றாக வாங்கி, மறுபடி பீரோவில், துணிக்கு அடியில் வைத்தாள்.

இன்றைக்கு எதற்குப் போகிறேன் என்று கேட்டீர்களே. மறைமலை நகரில் என் பழைய சகா தயாபரன் வீட்டிலேயே ஸ்டூடியோ போட்டிருக்கிறான். புது மென்பொருள் ஒன்று வந்திருக்கிறது. நூலையும் ஊசியையும் பிரித்துவிடும் என்கிறான். அந்த மிச்ச இடத்தையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. நாளைக்கு ஒசாகாவுக்கு அனுப்ப வேண்டும்.

நேற்று அவள் போன் செய்தாள். "சார், என்ன வேணா பண்ணிக்கங்க, எப்படி வேணா வெளியிடுங்க. அந்த ஒரு இடத்தை மட்டும் தொடாதீங்க சார். இல்ல, எனக்கு மட்டும் அதை ஒரு காப்பி குடுத்துடுங்க."

கொடுத்தால் என்ன என்கிறீர்கள், அப்படித்தானே? தெரியும். லூர்துவும் பின்னாலிருந்து அதையேதான் கத்துகிறாராம், அவள் சொன்னாள். குறையுள்ளது ஒன்று வெளியே போனால் அதுதான் சார் சுற்றும். கல்யாண வீட்டில் போடுவார்கள், யாராவது இணையத்தில் ஏற்றுவார்கள், நாளைக்கு டெரன்ஸ் சவரிமுத்து என்றால் பல்வலிக்காரன் முனகல் என்று நிற்கும். ஒரே வடிவம்தான் இருக்கும் என்று ஒசாகாக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சுத்தம் செய், சரிபார், மூலத்தை அழி. இதில் இரக்கம் பார்த்தால் வேலை கெட்டுவிடும்.

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்றா? பின்னால் லூர்து கத்தினது எனக்கு வரவில்லை, போன் எடுத்துவிட்டது. அவள் குரல் மட்டும் வந்தது. "பாக்கலாம்மா" என்று வைத்துவிட்டேன்.

இந்தாருங்கள், நீங்களே கேளுங்கள். காது முழுக்க மூடட்டும். இருங்கள், அந்த இடத்துக்கு வைக்கிறேன். பொதுவான ஆள் ஒருத்தர் சொன்னால் தேவலை. இப்போது வரும்... இதோ.

என்ன சார்? இன்னொரு தடவையா? சரி.

போதுமா? கழற்றுங்கள். ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? குறை தெரிந்ததா? தெரிந்தது அல்லவா? உங்கள் கால் ஆடிக்கொண்டிருந்தது, கவனித்தீர்களா? செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலை நீட்டி நீட்டி இழுத்தீர்கள். எல்லாருக்கும் ஆடுகிறது. லூர்துவுக்கும் ஆடிற்று, என்னைத் திட்டிக்கொண்டே ஆட்டினார். தாளம் அப்படி.

பேத்தியா? சென்னையில்தான் பிறந்திருக்கிறதா? அப்படியா. நல்லது சார். நல்லது.

ஹெட்போனைக் கொடுங்கள். நானும் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தயாபரனிடம் சரியாகச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் தினமும் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை. மறைமலை நகர் வந்தால் தோளில் தட்டுங்கள்.

என்ன சார்?

கூடுவாஞ்சேரியா? கூடுவாஞ்சேரி எப்படி வரும்? மறைமலை நகர் தாண்டித்தானே... தட்டினீர்களா? எப்போது? கண்டக்டரும் வந்து நின்று கத்தினாரா? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே. ஒரு கொட்டாவி நேரம்தான் சார் அது, அதற்குள் இவ்வளவு தூரம் எப்படி... திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே இருந்தேனா? குறையைப் பார்க்கத்தான். அவர் அந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறார், இன்றைக்குத்தான் கவனித்தேன். மூச்சு வாங்கிவிட்டு, முன்னைவிடச் சின்னதாகத் தொடங்குகிறார். குழந்தை கிட்டத்தட்டத் தூங்கிவிட்டது போல.

கண்டக்டர், ஆளிறங்கணும், கொஞ்சம் நிறுத்துங்க.

வேண்டாம் சார், பையை நானே எடுத்துக்கொள்கிறேன். எதிர்ப்பக்கம் நின்றால் மறைமலை நகருக்கு பஸ் வருமா? நிறைய வருமா, சரி. அப்படியே, திருச்சிக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும்? அதுவும் அங்கேயேதானா?

இரண்டுக்கும் ஒரே பக்கம்தானா. அப்படியானால் முதலில் ரோட்டைத் தாண்டிவிடுகிறேன் சார்.